சராசரியை யார் எடுக்கிறார்கள்? மீட்டர் முள்ளும் பி.டபிள்யூ.எம். துடிப்பும்

நிரலின்படி இயங்கும் சிறு கணினிச் சிப்பான மைக்ரோகண்ட்ரோலரின் வெளியீட்டு முனைக்கு இரண்டே நிலைகள் உண்டு. ஒன்று 0 வோல்ட், மற்றொன்று 5 வோல்ட். இடைப்பட்ட 2.5 வோல்ட்டை அதனிடம் கேட்க வழியில்லை. ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அந்த முனையை ஏற்றி இறக்கி, ஏறியிருக்கும் நேரத்தையும் இறங்கியிருக்கும் நேரத்தையும் நமக்கு வேண்டிய விகிதத்தில் வைத்துக்கொள்ள முடியும். இதைத்தான் பி.டபிள்யூ.எம். (பல்ஸ் விட்த் மாடுலேஷன், துடிப்பின் அகலத்தை மாற்றும் முறை) என்கிறோம்; ஏறியிருக்கும் நேரத்தின் பங்கை டியூட்டி சைக்கிள் என்கிறோம். பாதி நேரம் ஏறியிருந்தால் 2.5 வோல்ட் கிடைக்கும் என்று பல அறிமுகக் கட்டுரைகள் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன. கிடைப்பது 2.5 வோல்ட் அல்ல, 5 வோல்ட் துடிப்புகளின் வரிசைதான். அந்த வரிசையைச் சராசரியாக்குவது மைக்ரோகண்ட்ரோலரின் வேலை அன்று. முனையில் நாம் மாட்டும் பொருளுக்குள் ஏதோ ஒன்று அதைச் செய்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால், எந்த அதிர்வெண்ணில் துடிப்பு அனுப்ப வேண்டும், டிரான்சிஸ்டர் தேவையா, டையோடு தேவையா என்ற கேள்விகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்துவிடும். மீட்டர்களையும், வண்டிகளில் அளவு காட்டும் முள் கருவிகளான கேஜ்களையும் அர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் இயக்கிப் பழகிய அனுபவத்தில் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எளிமையானதிலிருந்து தொடங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்றும் கிடைக்கும் பேனல் மீட்டர்களில் 1 மில்லி ஆம்பியர் முழு அளவு கொண்ட இயங்குசுருள் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நாம் படித்த அதே இயங்குசுருள் கால்வனோமீட்டர்தான் இது. 1882-இல் பிரான்சில் தார்சன்வால், தெப்ரே இருவரும் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். 1888-இல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் இதைக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய நம்பகமான கருவியாக்கினார். நிலைக்காந்தத்தின் புலத்துக்குள் ஒரு மெல்லிய சுருள் தொங்குகிறது. சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் திருப்பு விசை எழுகிறது, அதை எதிர்த்து நுண்ணிய சுருள்வில் இழுக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

இந்த மீட்டருக்கு 5 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் பாய வேண்டுமானால், சுருளின் தடையையும் சேர்த்து மொத்தம் 5 கிலோ ஓம் தடை வேண்டும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் திருப்பித் தடையை மாற்றக்கூடிய 1 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றையும் தொடராக வைத்து, முனையை நிரந்தரமாக 5 வோல்ட்டில் நிறுத்தி, முள் முழு அளவைத் தொடும்வரை பிரிசெட்டைத் திருப்பினால் போதும். டிரான்சிஸ்டர் வேண்டாம், டையோடும் வேண்டாம். சுருளின் மின்தூண்டலை இவ்வளவு பெரிய தடையால் வகுத்தால் வரும் கால அளவு மிகச் சிறியது. ஆகவே சுருளுக்குள் மின்னோட்டம் துடிப்பு துடிப்பாகவேதான் பாய்கிறது. மின்சுற்றில் சராசரி எதுவும் நடக்கவில்லை.

அப்படியானால் முள் ஏன் நடுங்கவில்லை? அர்டுயினோ உனோவில் 9, 10 ஆகிய முனைகளில் சாதாரணமாக வரும் பி.டபிள்யூ.எம். அதிர்வெண் 490 ஹெர்ட்ஸ். அதாவது இரண்டு மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. முள்ளும் சுருளும் சுருள்வில்லும் சேர்ந்த அமைப்போ, தட்டிவிட்டால் நொடிக்கு ஓரிரு முறைதான் ஆடும். இயல்பதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், அதைப் போல் 245 மடங்கு வேகத்தில் வரும் விசைக்கு முள்ளின் அசைவு அந்த மடங்கின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருங்கிவிடும், அதாவது ஏறத்தாழ 60,000-இல் ஒரு பங்காக. 90 டிகிரி அளவுகோலில் அது ஆயிரத்தில் ஒரு டிகிரி. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதே மீட்டருக்கு 20 ஹெர்ட்ஸ் துடிப்பு கொடுத்துப் பாருங்கள். மடங்கு பத்துதான், வர்க்கம் நூறு; முள்ளின் நுனி அரை டிகிரி அளவுக்கு இருபுறமும் நடுங்குவது பளிச்சென்று தெரியும். இங்கே சராசரி எடுப்பது முள்ளின் நிலைமம்.

தொடர் ரெசிஸ்டரை விட்டுவிட்டு, மென்பொருளிலேயே டியூட்டி சைக்கிளை இரண்டு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதே என் உறுதியான கருத்து. சுருளின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எங்கேனும் நின்று முனை 5 வோல்ட்டிலேயே உறைந்துவிட்டால் 50 மில்லி ஆம்பியர் பாய முயலும். அது மீட்டரின் அளவைப் போல் 50 மடங்கு, உனோவின் ஏ.டி.மெகா 328பி சிப்பில் ஒரு முனை தாங்கும் உச்ச வரம்பான 40 மில்லி ஆம்பியரையும் தாண்டியது. இன்னொரு காரணம் வெப்பம். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். விடியற்காலைக்கும் மே மாத நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், ரெசிஸ்டர் இல்லாத மீட்டர் எட்டு சதவீதம் குறைத்துக் காட்டும். மொத்தத் தடை 5 கிலோ ஓம் இருக்கும்போது அதே மாற்றம் எட்டு ஓம் மட்டுமே. அளவுகோலில் அதைப் பார்க்கவே முடியாது.

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அளவைச் சமையலறையில் காட்டுவது இப்படிப்பட்ட மீட்டர்தான். தொட்டியின் மூடிக்குக் கீழே இருக்கும் மீயொலி சென்சார் தண்ணீரின் உயரத்தைச் சொல்கிறது, அர்டுயினோ அதை 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்றி முனைக்கு அனுப்புகிறது. ஒரு எண் கூடினால் முள் 0.35 டிகிரி நகரும். தொட்டிக்கு இது தேவைக்கும் அதிகமான நுணுக்கம். எண்ணைத் திடீரென்று மாற்றினால் முள் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இயங்குசுருளுக்கு இருக்கும் ஆட்டத்தை அடக்கும் ஆற்றலில் ஒரு பகுதி, ஆடும் சுருளில் தூண்டப்படும் மின்னோட்டம் வெளிச்சுற்றின் வழியே பாய்வதால் வருவது. வெளிச்சுற்றில் 5 கிலோ ஓம் இருந்தால் அந்தப் பகுதி அநேகமாக இல்லாமல் போய்விடும். சுருளைச் சுற்றிய அலுமினியச் சட்டத்தில் எழும் சுழல் மின்னோட்டம் மட்டுமே எஞ்சும். ஆகவே புதிய அளவுக்கும் பழைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பதினாறில் ஒரு பங்கை மட்டும் பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டே வரும்படி நிரலில் எழுதினேன். இப்போது முள் வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. மீட்டரின் பிளாஸ்டிக் முகப்பைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் ஏறும் நிலைமின்னூட்டம் முள்ளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நிரலில் எவ்வளவு தேடினாலும் பிழை கிடைக்காது.

கடையில் ஒரே வடிவத்தில் அடுக்கி வைத்திருக்கும் மீட்டர்களில் சில இயங்கு இரும்பு வகையைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் நெருங்கியும் போகப் போக அகன்றும் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். இவற்றில் திருப்பு விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் துடிப்பு துடிப்பாகவே பாய்ந்தால், பாதி டியூட்டி சைக்கிளில் அச்சிட்ட அளவுகோல் 50 காட்டாது, 71 காட்டும். முள்ளின் நிலைமம் இங்கேயும் சராசரி எடுக்கிறது. ஆனால் எதன் சராசரியை எடுக்கிறது என்பது மாறிவிட்டது.

வர்க்கத்தின் சராசரி என்றதும் எனக்கு மிகப் பிடித்த ஒரு பழைய சாதனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1960-களின் பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் அளவையும் எஞ்சின் வெப்பத்தையும் காட்டிய ஸ்மித்ஸ் நிறுவனத்தின் கேஜ்கள் பல, வெப்பத்தால் இயங்கியவை. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டையின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும்; மின்னோட்டம் கம்பியைச் சூடாக்க, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். பேட்டரி 12 வோல்ட்டிலும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டிலும் இருப்பதால், டேங்கில் அதே பெட்ரோல் இருந்தாலும் முள் வெவ்வேறு இடத்தில் நிற்கும். இதைத் தடுக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறு தகர டப்பா இருந்தது. அதன் வெளியீடு 10 வோல்ட் என்று கையேடுகள் சொல்லும். உள்ளே டிரான்சிஸ்டர் எதுவும் கிடையாது. அங்கேயும் ஓர் ஈருலோகப் பட்டை, அதன்மேல் ஒரு சூடாக்கும் கம்பி, ஒரு தொடுமுனை, அவ்வளவுதான். தொடுமுனை மூடியிருக்கும்போது கம்பி சூடாகும், பட்டை வளைந்து தொடுமுனையைத் திறக்கும், ஆறியதும் மீண்டும் மூடும். கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் இது நடக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பி.டபிள்யூ.எம். என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். பேட்டரி மின்னழுத்தம் கூடினால் கம்பி சீக்கிரம் சூடாகி, மூடியிருக்கும் நேரம் தானாகவே குறைகிறது. அந்த 10 வோல்ட் எதன் சராசரி என்பதில்தான் இந்த வடிவமைப்பின் அழகு இருக்கிறது. டப்பாவுக்குள் இருக்கும் பட்டைக்குத் தெரிவது வெப்பம் ஒன்றுதான், ஆகவே அது மாறாமல் காப்பது வெப்பத்தை. 12 வோல்ட்டில் 69 சதவீத நேரமும், 14 வோல்ட்டில் 51 சதவீத நேரமும் மூடியிருந்தால் இரண்டுமே நிலையான 10 வோல்ட் தரும் வெப்பத்தைத் தரும். கேஜுக்குத் தேவைப்படுவதும் அதே வெப்பம்தான். கட்டுப்படுத்துவதும் கட்டுப்படுத்தப்படுவதும் ஒரே இயற்பியலால் இயங்குவதால் கணக்கு தானாகவே சரியாகிவிடுகிறது. கேஜ் சூடாகவும் ஆறவும் பல விநாடிகள் எடுத்துக்கொள்வதால் இவ்வளவு மந்தமான துடிப்பும் முள்ளில் தெரிவதில்லை. பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் இந்த டப்பாவுக்குப் பதிலாக நிலையான 10 வோல்ட் ரெகுலேட்டரை வைத்தாலும் கேஜ் சரியாகக் காட்டுவது இதனால்தான்.

மின்னழுத்தம் மாறினால் முள் பொய் சொல்லும் என்ற இந்தச் சிக்கல் என் தொட்டி மீட்டருக்கும் உண்டு. பி.டபிள்யூ.எம். துடிப்பின் உயரம் அர்டுயினோவின் மின்வழங்கலின் உயரமே. மலிவான மொபைல் சார்ஜரில் ஓட்டினால் அது 4.75 முதல் 5.25 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். முள்ளும் அதே ஐந்து சதவீதம் தவறும். நல்ல ரெகுலேட்டர் வைப்பது ஒரு வழி. விகிதத்தை மட்டும் பார்த்து நகரும் கேஜைத் தேர்ந்தெடுப்பது மற்றொரு வழி.

பின்னாளில் வண்டிகளில் பரவிய ஏர்கோர் கேஜ் அப்படிப்பட்டது. அதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சுற்றிய இரண்டு சுருள்கள், அவற்றின் நடுவே அச்சில் சுழலும் வட்டக் காந்தம் ஒன்று, ஆட்டத்தை அடக்கச் சிலிக்கோன் திரவம் ஆகியவை இருக்கும். சுருள்வில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு சுருள்களும் உண்டாக்கும் புலங்களின் கூட்டுத்திசை எதுவோ அந்தத் திசையில் காந்தம் நிற்கும். பள்ளி ஆய்வகத்தில் டேன்ஜென்ட் கால்வனோமீட்டரைச் சமதளமாக்கித் திருப்பித் திருப்பிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பூமியின் புலத்துக்குப் பதிலாக இரண்டாவது சுருள் இருக்கிறது, அவ்வளவே. கோணம் இரண்டு மின்னோட்டங்களின் விகிதத்தை மட்டுமே பொறுத்தது என்பதால், மின்வழங்கல் பத்து சதவீதம் ஏறினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், முள் அசையாது.

முள் சுற்றிவர வேண்டுமானால் இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் இரு திசைகளிலும் பாய வேண்டும். ஒரு சுருளுக்குக் கோணத்தின் சைன், மற்றொன்றுக்குக் கொசைன். நேஷனல் செமிகண்டக்டர் தயாரித்த எல்.எம்.1819 என்ற சிப் இந்த வேலைக்கென்றே வந்தது. 305 டிகிரி வரை முள்ளைச் சுழற்றும். இன்று அதைத் தேடி அலைவதைவிட, மின்னோட்டத்தை இரு திசைகளிலும் செலுத்தவல்ல, எல்.293டி போன்ற எளிதில் கிடைக்கும் பிரிட்ஜ் சிப்பையும் பி.டபிள்யூ.எம்.மையும் சேர்த்துவிடலாம். அந்தச் சிப் தன் பங்குக்கு இரண்டு வோல்ட் வரை விழுங்கிவிடும் என்றாலும், 12 வோல்ட்டில் இயங்கும் கேஜுக்கு அது பொருட்டல்ல. சுருளில் தேங்கிய ஆற்றல் வெளியேறத் தேவையான டையோடுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. டியூட்டி சைக்கிளில் ஒரு படி மாறினால் கோணம் மாறுவது அதிகபட்சம் கால் டிகிரிக்கும் குறைவு.

இங்கே தொடர் ரெசிஸ்டர் இல்லை. சுருளின் மின்தூண்டலை அதன் தடையால் வகுத்து வரும் நேரம், துடிப்பின் கால அளவோடு ஒப்பிடத்தக்கதாகிறது. மின்னோட்டம் துடிப்போடு முழுதாக எழுந்து விழாமல் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. சராசரியின் ஒரு பகுதியைச் சுருளே எடுத்துவிடுகிறது, மீதியைத் திரவமும் காந்தத்தின் நிலைமமும் பார்த்துக்கொள்கின்றன. முள் 490 ஹெர்ட்ஸிலும் அசையாமல்தான் நிற்கும். ஆனால் கேஜ் மெல்லிய குரலில் ரீங்கரிக்கும். இரவில் அமைதியான அறையில் அது தாங்க முடியாத தொல்லை. துடிப்பை உருவாக்கும் உள்கடிகாரங்களில் ஒன்றான டைமர் 1-இன் வேகத்தைக் குறைக்கும் வகுப்பானை எடுத்துவிட்டு 9, 10 முனைகளின் அதிர்வெண்ணை 31 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், துடிப்பு மனிதக் காதின் எல்லையான 20 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், சத்தமும் நின்றுவிடும். டைமர் 2-ஐச் சேர்ந்த 3, 11 முனைகளுக்கும் இதே போலச் செய்யலாம். 5, 6 முனைகளின் டைமர் 0-ஐ மட்டும் தொடாதீர்கள். மில்லி விநாடிக் கணக்கும் காத்திருப்புக் கட்டளையும் அதை நம்பியே ஓடுகின்றன.

சுருள்வில் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. மின்சாரம் போனால் ஏர்கோர் முள் போன இடத்திலேயே நின்றுவிடும். தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போது முள் மட்டும் நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருப்பது ஆபத்தான பொய். மின்சாரம் போனதும் பூச்சியத்துக்கு விழுந்துவிடும் இயங்குசுருளை நான் வீட்டுக்குத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

நான்கு முனைகள் கொண்ட, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் கேஜ் மோட்டார்கள் இன்னொரு குடும்பம். சுவிட்செக் நிறுவனத்தின் எக்ஸ்27.168 இவற்றில் பெயர் பெற்றது. இன்றைய வண்டி டேஷ்போர்டுகளில் முள் இருக்குமிடத்தில் பெரும்பாலும் இந்த வகை மோட்டார்தான் இருக்கும். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மோட்டாரைப் போலவே இதுவும் 1936-இல் மரியுஸ் லவே கண்டுபிடித்த அமைப்பின் வழிவந்தது. உள்ளே காந்தச் சுழலி ஒரு படிக்கு 60 டிகிரி சுழல்கிறது, பல்சக்கரங்கள் அதை 180-இல் ஒரு பங்காகக் குறைக்கின்றன, முள் ஒரு படிக்கு மூன்றில் ஒரு டிகிரி நகர்கிறது. மொத்த வீச்சு 315 டிகிரி, ஆகவே 945 படிகள். சுருளின் தடை 280 ஓம் அளவில் இருப்பதால் 5 வோல்ட்டில் 18 மில்லி ஆம்பியர்தான் பாயும். முனைக்குப் பரிந்துரைக்கப்படும் 20 மில்லி ஆம்பியருக்குள் அடங்குவதால், அர்டுயினோவிலேயே நேரடியாக மாட்டிவிடலாம். நான்கு முனைகளிலும் பாதுகாப்பு டையோடு வைப்பது நல்லது.

முழுப் படிகளில் ஓட்டினால் பி.டபிள்யூ.எம். தேவையில்லை. ஆனால் முள் மெதுவாக நகரும்போது அந்த மூன்றில் ஒரு டிகிரித் துள்ளல் கண்ணை உறுத்தும். சுழலியின் ஒரு சுற்றை ஆறாகப் பிரிக்காமல் 24-ஆகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் சுருள் மின்னோட்டத்தை சைன் வளைவின்படி பி.டபிள்யூ.எம். மூலம் அமைத்தால், முள் பன்னிரண்டில் ஒரு டிகிரி வீதம் வழுக்கும். பூச்சியத்திலிருந்து உச்சம் வரை தேவையான எண்கள் 0, 66, 128, 180, 221, 246, 255. ஏர்கோருக்கு எழுதிய நிரலை அப்படியே இதற்கு எடுத்துக்கொண்டால் மோட்டார் திக்கித் திக்கி ஓடும். ஏர்கோரில் சுருள்கள் செங்குத்தானவை. எக்ஸ்27-இல் இரண்டு மின்னோட்டங்களுக்கும் இடையே இருக்க வேண்டியது 60 டிகிரி, ஒரு சுருளின் இணைப்பைத் திருப்பியிருந்தால் 120. இந்த 24-இல் ஒரு நிலை 15 டிகிரி என்பதால், இரண்டாவது சுருள் அதே அட்டவணையை நான்கு இடங்கள் தள்ளிப் படிக்க வேண்டும்.

ஒரு சுருளுக்கு ஒரு பி.டபிள்யூ.எம். முனையும் ஒரு சாதாரண முனையும் போதும். சாதாரண முனை 0 வோல்ட்டில் இருக்கும்போது மின்னோட்டம் ஒரு திசையில் பாயும். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டால், பி.டபிள்யூ.எம். முனை இறங்கியிருக்கும் நேரத்தில் எதிர்த்திசையில் பாயும். அப்போது 255-இலிருந்து எண்ணைக் கழித்து எழுத வேண்டும். முனை இரு நிலைகளிலும் சுற்றை மூடியே வைத்திருப்பதால் மின்னோட்டம் அறுபடுவதில்லை, சராசரியைப் பெரும்பாலும் சுருளே எடுத்துக்கொள்கிறது. இந்த மோட்டாருக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது என்பதால், மின்சாரம் வந்ததும் 945 படிகள் பின்னோக்கி ஓட்டி, உள்ளிருக்கும் தடுப்பில் முட்டவிட்டு, அதைப் பூச்சியமாகக் கொள்ள வேண்டும். நொடிக்கு 600 டிகிரி வரை ஓடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து உடனே அந்த வேகத்தைக் கேட்டால் படி தவறும். வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

எந்த வகை என்று எழுதப்படாத பழைய கேஜ் கைக்கு வந்தால், முதலில் முனைகளை எண்ணுங்கள். நான்கு முனைகள் இரண்டு சோடிகளாக, ஒவ்வொன்றும் சில நூறு ஓம் காட்டினால் அநேகமாக ஸ்டெப்பர். மூன்று முனைகள் இருந்தால் ஏர்கோராக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டே முனைகள் இருந்தால் மல்டிமீட்டரின் ஓம் அளவையை உடனே வைத்துவிடாதீர்கள். 50 மைக்ரோ ஆம்பியர் மீட்டராக இருந்தால் அந்தச் சோதனை மின்னோட்டமே முள்ளை முட்டவைத்து வளைத்துவிடும். 1.5 வோல்ட் செல் ஒன்றை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே கொடுத்துப் பார்த்து, முள் அசையாவிட்டால் ரெசிஸ்டரின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். சட்டென்று தாவி, செல்லைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் போனால் அது இயங்குசுருள். சாதாரண 490 ஹெர்ட்ஸே அதற்குத் தாராளம். எந்தப் பக்கம் கொடுத்தாலும் அதே திசையில் தாவினால் இயங்கு இரும்பு. பல விநாடிகள் எடுத்துக்கொண்டு ஊர்ந்து ஏறினால் வெப்ப வகை. அதற்கு 10 ஹெர்ட்ஸ் துடிப்புகூடப் போதும், மின்னோட்டம் அதிகம் தேவைப்படும் என்பதால் முனைக்கும் அதற்கும் இடையே கட்டாயம் ஒரு டிரான்சிஸ்டரை வையுங்கள்.